நாலாவது துளை

அவளுக்குக் கையும் சும்மா இராது, காலும் சும்மா இராது. டீக்கடையில் நின்றால் தம்ளரின் விளிம்பில் கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாள். பஸ்ஸில் எதிரே நிற்பவரின் சட்டையில் ஒரு பொத்தான் நூல் தளர்ந்து தொங்கினால், இறங்குகிற வரைக்கும் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. ஒரு நாள் முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம், "ஐயா, மேலேர்ந்து மூணாவது, இன்னிக்குச் சாயங்காலம் தாண்டாது" என்று சொல்லிவிட்டு அவசரமாக இறங்கிப் போய்விட்டாள். அந்த மனிதர் அன்றைக்கு எப்படித் தூங்கினாரோ தெரியாது.

ஊருக்கு வெளியே, சதுப்பு நிலத்தில் மண் கொட்டி மேடாக்கிக் கட்டிய ஆடைத் தொழிற்சாலையில் அவளைப் பொத்தானக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆயிரத்து இருநூறு பேர் வேலை செய்கிற இடம். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. தையல் கூடத்தின் மூலையில் கண்ணாடி அடைத்த ஒரு சின்ன அறை, அதில் ஒரு மேஜை, மேஜையில் ஒரு இழுவை மெஷின். அவ்வளவுதான் அவள் ராஜ்ஜியம்.

வேலை சொல்வதற்குச் சுலபம். தைத்த சட்டையை மெஷினின் கீழ்ப்பிடியில் மாட்ட வேண்டும். பொத்தானை மேல்பிடியில் கவ்வ வைக்க வேண்டும். கைப்பிடியைச் சுற்றி, முள் சிவப்புக் கோட்டைத் தொடும் வரை இழுத்து, பத்து விநாடி அப்படியே வைத்திருக்க வேண்டும். பொத்தான் உடையக் கூடாது, நூல் அறக் கூடாது. அங்கே தைப்பதெல்லாம் குழந்தைகளின் உடுப்பு. கடல் தாண்டி எங்கோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை பொத்தானைக் கடித்துப் பிய்த்து விழுங்கிவிட்டால், இங்கே கப்பல் ஏறிய சரக்கு முழுவதும் திரும்பி வந்துவிடும். அதனால் பத்து விநாடி என்றால் பத்து விநாடிதான். மேற்பார்வையாளர்கள் எட்டில் விடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்திருக்கிறார்கள். இந்த விஷயத்தில் அவள் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

பொத்தான்களைச் செய்து கொடுத்தவன் அவளுடைய தம்பி.

இதில் தொழிற்சாலைக்கு ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. உள்ளூரில் பொத்தான் பட்டறை வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். வேலைக்குச் சேர்ந்த அன்றே தரப் பிரிவு மேடத்திடம் அவள் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்து, தம்பி சரக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு பாஸ் பண்ணுவாயா என்று கேட்டாள். முதல் மாதத்திலேயே தம்பியின் இரண்டு லாட்டை அவள் திருப்பி அனுப்பினாள். அதற்கப்புறம் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

தம்பியின் பொத்தானுக்கு ஒரு கோணல் உண்டு. துளை போடுகிற மெஷினில் நாலு ஊசி. அதில் நாலாவது ஊசி ஒரு மயிரிழை வெளியே தள்ளி நிற்கும். அதனால் பொத்தானின் நாலாவது துளை விளிம்பை ஒட்டிவிடும். நூறு பொத்தானில் தொண்ணூற்றெட்டு தாங்கும். மீதி இரண்டு, முள் சிவப்புக் கோட்டைத் தொடும்போது அந்த விளிம்பில் பிளக்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு நகத்தை ஓட்டினாலே, இது தம்பியின் பொத்தான் என்று சொல்லிவிடுவாள்.

லாட் ரிஜெக்ட் ஆனால் அரை மணி நேரத்தில் அவனுடைய ஸ்கூட்டர் வாசலில் வந்து நிற்கும். சைலன்சர் ஓட்டையான வண்டி. கூடத்தில் அத்தனை தையல் மெஷின் சத்தத்திலும் அவளுக்குக் கேட்டுவிடும். அவன் பூதக்கண்ணாடியும் கையுமாக வந்து, உடைந்த பொத்தானை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிடி சரியாகக் கவ்வவில்லை, நூல் முறுக்கு அதிகம், உன் மெஷினுக்கே வயசாகிவிட்டது என்று ஒவ்வொன்றாக அடுக்குவான். ஊசியை மாத்துடா என்பாள் இவள். மாத்தறேன் மாத்தறேன் என்பான் அவன். இப்படியே ஐந்து வருஷம் ஓடிற்று. ஒவ்வொரு பொத்தானுக்கும் அப்படிச் சண்டை போட்டான். அவளுக்கு அந்தச் சண்டை பிடிக்கும் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

தொழிற்சாலை வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய நாட்டோடு வர்த்தக ஒப்பந்தம் போட்டார்கள். நம் துணி அங்கே வரி இல்லாமல் போகலாம் என்றார்கள். அடுத்த வருஷமே சதுப்பு நிலத்தில் தூண் எழும்பியது. அதுவரை அவள் வீட்டுக்குள் உட்கார்ந்து அக்கம்பக்கத்தாருக்குத் தைத்துக் கொடுத்தவள். அவர்கள் கொடுக்கிறபோது கொடுப்பார்கள். தொழிற்சாலையில் சேர்ந்த பிறகு மாதம் பிறந்தால் சம்பளம். மகளைக் கல்லூரியில் சேர்க்கிற அன்றைக்கு அவள் யார் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து ஆயிரம் பெண்கள் சாலையை அடைத்துக்கொண்டு நடக்கும்போது லாரிகள் நின்று வழிவிடும். அந்த நடையில் அவளுக்கு ஒரு திமிர் இருந்தது, இருக்க வேண்டியதும்தான்.

இரண்டு வருஷம் கழித்து இன்னொரு நாட்டோடு இன்னொரு ஒப்பந்தம். இந்த முறை அவர்கள் சரக்கு இங்கே வரி இல்லாமல் வரலாம். அது சம்பந்தமாகத் தொலைக்காட்சியில் இரண்டு பேர் வந்து வாக்குவாதம் செய்தார்கள். ஒருவர் நாடு முன்னேறும் என்றார், இன்னொருவர் நாடு முழுகும் என்றார். இருவர் சொன்னதும் அவள் மண்டையில் ஏறவில்லை. இருவர் கோட்டிலும் இருந்த பொத்தான் ஒரே அச்சில் வார்த்தது என்பதை மட்டும் கவனித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். இந்தப் பேச்சாளர்களில் ஒருவராவது ஒரு பட்டறைக்குள் பத்து நிமிஷம் நின்றிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

மூன்று வாரமாகத் தம்பியின் லாட்டில் ஒன்றுகூட உடையவில்லை.

முதல் வாரம் அவள் மெஷினைச் சந்தேகப்பட்டாள். எடைக்கல்லைத் தொங்கவிட்டு முள்ளைச் சரிபார்த்தாள். மெஷின் சரியாகத்தான் இருந்தது. பிறகு நகத்தை ஓட்டிப் பார்த்தாள். நாலு துளையும் சதுரமாக, நடுவிலிருந்து ஒரே தூரத்தில் நின்றன. கடைசியில் ஊசியை மாற்றிவிட்டானே என்று அவளுக்கு ஒரே பூரிப்பு. ஐந்து வருஷம் கத்தியதற்குப் பலன். அறிக்கைத் தாளில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு; அதில் அவள் இதுவரை எழுதியதெல்லாம் குற்றம்தான். அன்றைக்கு முதல்முறையாகப் பாராட்டி எழுதினாள்: 'நாலாவது துளை சரிசெய்யப்பட்டது. தரம் மிக நன்று.' எழுதிவிட்டு, அடியில் ஒரு கோடும் போட்டாள்.

அந்தக் கோடுதான் வினையாயிற்று.

திங்கள்கிழமை மேடம் அவளைக் கூப்பிட்டனுப்பினாள். சரக்கு வாங்குகிற நாட்டிலிருந்து சுங்கத் துறை அதிகாரி ஒருவர் வியாழக்கிழமை வருகிறாராம். சரக்கு வரி இல்லாமல் உள்ளே போக வேண்டுமானால், அதில் குறிப்பிட்ட பங்கு இந்த நாட்டிலேயே செய்ததாக இருக்க வேண்டும். துணி வெளியிலிருந்து வருகிறது, ஜிப்பும் நூலும் வெளியிலிருந்து வருகின்றன. இங்கே செய்வது தையல், பொத்தான், எலாஸ்டிக், அட்டைப்பெட்டி. பொத்தானை எடுத்துவிட்டால் அந்தப் பங்குக்குக் கொஞ்சம் குறையும். அதனால்தான் மலிவான வெளிநாட்டுப் பொத்தான் சந்தையில் குவிந்து கிடந்தும், தொழிற்சாலை தம்பியிடம் வாங்கியது. அவனிடமும் விலையை மட்டும் அந்த மலிவுக்கு இறக்கச் சொல்லி நெருக்கியது.

"அவங்களுக்கு ஒரு உள்ளூர்ப் பட்டறையைக் காட்டணும்" என்றாள் மேடம். "உன் ரிப்போர்ட்டைப் பாத்துத்தான் உன் தம்பி பட்டறையை லிஸ்ட்ல போட்டேன். நீயும் கூட வரணும்."

அன்று சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்ததும் அவள் பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. ஒரு பிஸ்கட் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு பட்டறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். வெளிநாட்டு அதிகாரி தம்பியின் பட்டறைக்கு வரப்போகிறார் என்பதை அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும், அவன் விழிப்பதைப் பார்க்க வேண்டும்.

பட்டறைத் தெருவின் முனையிலேயே டிரம் சத்தம் கேட்கும். அறுகோண மரப் பெட்டிகள் இரண்டு, உள்ளே பொத்தானும் தண்ணீரும் மரக்குச்சிகளும். பொத்தான் பளபளப்பாகும் வரை உருண்டுகொண்டே இருக்கும். அந்தத் தெருவில் வீடு பார்க்க வருகிறவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டே திரும்பிப் போய்விடுவார்கள். அன்றைக்கு முனையில் ஒன்றும் கேட்கவில்லை. எதிர்வீட்டு ரேடியோ தெளிவாகக் கேட்டது. அவள் நடை தானாகவே மெதுவாயிற்று.

உள்ளே டிரம் இரண்டும் காய்ந்து கிடந்தன. டிரம்மைப் பார்த்துக்கொள்கிற பெண்மணி, டிரம்மா என்று எல்லாரும் கூப்பிடுகிறவள், தரையில் காலை நீட்டிப்போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் புரியாத எழுத்து அச்சடித்த வெள்ளைச் சாக்குகள். சாக்கிலிருந்து பொத்தானை முறத்தில் அள்ளி, தம்பியின் பட்டறைப் பெயர் போட்ட அட்டைப்பெட்டிகளில் கொட்டிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் கை அப்படியே நின்றுவிட்டது.

தம்பி உள்ளறையிலிருந்து வந்தான். அக்காவையும் பிஸ்கட் பாக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

"மூணு வாரம்."

"ஊசியை மாத்திட்டேன்னு நெனச்சேன்டா."

"நான் எங்கக்கா சொன்னேன்? நீயா நெனச்சுக்கிட்டே."

அவளுக்கு வந்த கோபத்தில் பிஸ்கட் பாக்கெட் கைக்குள் நொறுங்கிற்று. பொத்தானை முட்டாள்தனமாகப் பாராட்டி எழுதிய தன்மேல் வந்த கோபம் பாதி. சொந்தக் கையால் சூனியம் வைத்துக்கொண்டாயிற்று. அதிகாரி வருகிற விஷயத்தைச் சொன்னாள். அவன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு அவன் பேசினான், அவள் நின்றபடியே கேட்டாள். செய்து முடித்த பொத்தானுக்கு வரியை எடுத்துவிட்டார்கள். ஆனால் பொத்தான் செய்கிற ரெசினுக்கு எடுக்கவில்லை. அதுவும் வெளியிலிருந்துதான் வருகிறது, அதற்குப் பழைய வரியே இன்னும் இருக்கிறது. ஏன் அப்படி என்று சுங்க அலுவலகத்தில் போய்க் கேட்டானாம். பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது என்றார்களாம். பட்டியல் போட்டவருக்குப் பொத்தான் எதிலிருந்து வருகிறது என்று தெரியுமா என்று கேட்டதற்கு, எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்களாம். எழுதிக் கொடுத்து ஒரு வருஷம் ஆகிறது.

"மாவு வாங்குற காசுக்குக் கடையில ரொட்டியே கெடைக்குதுக்கா" என்றான். "அப்புறம் நான் எதுக்கு அடுப்பைப் பத்த வைக்கணும்? பதினோரு பேரு என்னை நம்பி இருக்காங்க. டிரம்மை நிறுத்தி, சாக்கைப் பிரிச்சுக் கொட்டினாத்தான் அவங்களுக்குக் கூலி தர முடியுது."

அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவளை மேலும் வதைத்தது. ஆனால் பெட்டியின் மேல் இருந்த பெயர் பொய். அந்தப் பெயருக்குக் கீழே மூன்று வாரமாக அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இது வெளியே தெரிந்தால் சான்றிதழ் ரத்தாகும், சரக்குக்கு வரி விழும், கூடத்தில் எத்தனை மெஷின் நிற்குமோ தெரியாது. சாலையை அடைத்துக்கொண்டு நடக்கிற அந்த ஆயிரம் பேர் அவள் கண்முன் வந்தார்கள். அவளே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் இந்தப் பதினோரு பேரின் பிழைப்பு போகும். அவள் பிஸ்கட்டை டிரம்மாவின் மடியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். எந்தப் பஸ்ஸில் ஏறினாள் என்பது அவளுக்கு நினைவில்லை. இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவளால் உட்கார முடியவில்லை. ஒவ்வொரு லாட்டிலும் பத்துப் பொத்தானைத் தேதி போட்ட உறையில் ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த உறைகள் அலமாரியில் வரிசையாக இருந்தன. யாராவது ஒருவர் போன மாதத்து உறையையும் இந்த மாதத்து உறையையும் பிரித்துப் பக்கத்தில் வைத்தால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். அவள் நாலு தடவை அலமாரியைத் திறந்தாள், நாலு தடவை மூடினாள். ஐந்தாவது தடவை ஒரு உறையைக் கையில் எடுத்துத் தேதியைப் பார்த்தாள். மாற்றி வைப்பதற்கு ஒரு நிமிஷம் ஆகாது. உறையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். ஒரு சட்டையை மெஷினில் மாட்டிவிட்டுப் பத்து விநாடி எண்ணத் தொடங்கி நாற்பது வரை போய்விட்டாள். பக்கத்தில் நின்ற பெண், அக்கா அது பொத்தான், பல்லு இல்லை, போதும் விடுங்க என்றாள்.

புருஷனிடம் சொன்னாள். அவருக்குச் செல்போன் ரிப்பேர் கடை. முன்பெல்லாம் ஒரு திரை உடைந்தால் அதற்கு மாற்று வரவழைக்க மாதக்கணக்கில் ஆகும். இப்போது சாமான் மலிந்துவிட்டது, கூலிக்காரன்கூடத் திரை மாற்றிக்கொள்கிறான், கடையில் நிற்க இடமில்லை. ஒப்பந்தத்தைப் பற்றி அவரிடம் யாராவது குறை சொன்னால் அவருக்குப் பொறுக்காது.

"பொத்தானை இழுத்துப் பாக்கத்தானே உனக்குச் சம்பளம்?" என்றார். "அது எந்த ஊர்ல பொறந்துச்சுன்னு விசாரிக்கவா?"

"கையெழுத்து என்னோடதுங்க."

அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். நீ பேசாமல் இருந்தால் உன் தம்பி பிழைப்பான், அதை மட்டும் யோசி என்றார். அவர் கெட்டவர் இல்லை. மச்சான்மேல் உயிரையே வைத்திருக்கிறவர்.

புதன்கிழமை தம்பி போன் செய்தான். துளை போடாத பழைய பொத்தான் வில்லைகள் கொஞ்சம் மீதி இருக்கின்றன, நாளைக்கு டிரம் ஓடும், துளை மெஷின் ஓடும், எல்லாரும் வேலையில் நிற்பார்கள், வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள் என்றான். நீ எதுவும் சொல்ல வேண்டாம், சும்மா நின்றால் போதும் என்றான். சும்மா நிற்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை என்பது அவனுக்குத் தெரியாதா?

வியாழக்கிழமை காலை தெருமுனையிலேயே டிரம் சத்தம் கேட்டது.

அதிகாரியம்மா குட்டையாக, முதுகில் பள்ளிக்கூடப் பை மாதிரி ஒரு பையோடு வந்திருந்தாள். அதிகம் பேசவில்லை. பேசியதை மேடம் மொழிபெயர்த்துச் சொன்னாள். பட்டறை அன்றைக்கு அமர்க்களமாக இருந்தது. தம்பி துவைத்து மடித்த சட்டை போட்டிருந்தான். டிரம்மா புதுக் கையுறை மாட்டிக்கொண்டு டிரம்மைத் திறந்து காட்டினாள். அதிகாரியம்மா ஈரப் பொத்தான் ஒன்றை எடுத்துத் துடைத்து உள்ளங்கையில் வைத்தாள். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு; பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பொத்தானக்காவுக்கு மூச்சு கொஞ்சம் திரும்பி வந்தது.

பிறகு அதிகாரியம்மா பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். அது பொத்தானக்காவின் அறிக்கை. அடிக்கோடு போட்ட இடத்தில் விரலை வைத்து ஏதோ கேட்டாள்.

"நாலாவது துளையைச் சரிபண்ணினதா எழுதியிருக்கியாம்" என்றாள் மேடம். "இந்த மெஷின்ல எந்த ஊசியை மாத்தினாங்கன்னு காட்டச் சொல்றாங்க."

துளை மெஷின் அவர்கள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. நாலாவது ஊசி, ஐந்து வருஷமாக நின்ற அதே இடத்தில், ஒரு மயிரிழை வெளியே தள்ளி நின்றது. தம்பி சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தான், தரையைக் கழுவியிருந்தான், ஊசியை மட்டும் மறந்துவிட்டான். அவள் கத்திக் கத்தி அவன் காதில் ஏறாமல் போன ஒரே விஷயம் அது.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஆயிரம் லாட்டை ஈவிரக்கமில்லாமல் திருப்பி அனுப்பியவள், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கெட்ட லாட்டைப் பாஸ் பண்ணத் தயாரானாள்.

"அது வந்து... நான் எழுதினதுதான் தப்பு மேடம்" என்றாள். "நான் சரியாப் பாக்கல. எப்பவும் போலத்தான்..."

அவளுக்கே தன் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. முகம் சிவந்து, கழுத்து வியர்த்துவிட்டது. மேடம் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் தம்பி மெஷினை நிறுத்தினான்.

"அக்கா தப்பா எழுதல" என்றான். "அவளுக்குப் பொய் சொல்ல வராது, அவளை விட்டுடுங்க. பெட்டியில இருக்கிறது நான் செஞ்சது இல்ல."

டிரம் மட்டும் உருண்டுகொண்டிருந்தது. டிரம்மா போய் அதையும் நிறுத்தினாள்.

நடந்தது என்னவோ பயந்த அளவுக்கு இல்லை. மூன்று வாரத்துச் சரக்குக்கு மட்டும் வரி கட்டச் சொன்னார்கள். தொழிற்சாலை ஏமாற்றவில்லை, ஏமாற்றப்பட்டது என்பதற்கு அவளுடைய அந்தக் குறிப்பே அத்தாட்சியாயிற்று. தெரிந்து செய்தவர்கள் அதை எழுதி அடிக்கோடு போட மாட்டார்கள் அல்லவா? மெஷின் ஒன்றும் நிற்கவில்லை. மேடம் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை, பிறகு பேசினாள். எலாஸ்டிக்கும் அட்டைப்பெட்டியும் உள்ளூரில் கூடுதலாக வாங்கிக் கணக்கை நேர்செய்துகொண்டார்கள். பொத்தானை வெளிநாட்டிலிருந்தே, பகிரங்கமாக, அதன் சொந்தப் பெயரிலேயே வாங்க ஆரம்பித்தார்கள்.

பட்டறையின் பதினோரு பேரில் நாலு பேருக்குத் தொழிற்சாலையிலேயே வேலை கிடைத்தது. முன்பைவிட நல்ல சம்பளம். நாலு பேர் அங்கே இங்கே ஒட்டிக்கொண்டார்கள். இரண்டு பேர் ஊரைவிட்டே போனார்கள். டிரம்மா வயதுச் சான்றிதழோடு தொழிற்சாலை வாசலுக்கு மூன்று தடவை வந்தாள். முப்பத்தைந்துக்கு மேல் புதிதாக எடுப்பதில்லை என்று மூன்று தடவையும் திருப்பி அனுப்பினார்கள். கடைசித் தடவை பொத்தானக்கா வெளியே ஓடிப் போய், மேடத்திடம் பேசிப் பார்க்கிறேன் என்றாள். பேசியும் பார்த்தாள். நடக்கவில்லை. டிரம்மா கோபித்துக்கொள்ளாமல், உன் தம்பி நல்லா இருக்கானா என்று விசாரித்துவிட்டுப் போனாள். அவள் கோபித்துக்கொண்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் பொத்தானக்காவுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

தம்பி நன்றாகத்தான் இருந்தான். வெளிநாட்டுப் பொத்தான் கம்பெனிக்கு இந்த ஊரில் ஒரு ஆள் தேவைப்பட்டது. பொத்தானைப் பற்றித் தெரிந்த ஆள் இங்கே இவன் ஒருவன்தான். மேடம் முகத்தைச் சுளித்துக்கொண்டே சம்மதித்தாள். சாக்கு வந்து இறங்கும், அவன் கையெழுத்துப் போட்டு அனுப்புவான். பட்டறையில் இருந்த மெஷின்களை விற்றுவிட்டுப் போன் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டான். புது ஸ்கூட்டர் வாங்கினான், சத்தமே வராத வண்டி. அக்கா வீட்டுக்கு வந்தால் மச்சானோடு சேர்ந்து தொலைக்காட்சி பார்ப்பான்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு நாள், புதிதாக வந்த லாட்டில் ஆறாவது பொத்தான் மெஷினில் பிளந்தது. நாலு துளையும் நேராகத்தான் இருந்தன. இது வார்ப்பில் இருந்த குறை. இன்னும் இருபது பொத்தானை இழுத்தாள். அதில் மூன்று போயிற்று. அவள் சிவப்பு முத்திரையை எடுத்துத் தாளில் குத்தினாள். உடம்பு முழுக்க ஒரு பரபரப்பு. பழைய பரபரப்பு அது, ரொம்ப நாளாக வராமல் இருந்தது. உடனே தம்பிக்குப் போன் போட்டாள்.

"உன் பொத்தான் உடையுதுடா. லாட்டு முழுக்க ரிஜெக்ட்."

"அப்படியா" என்றான். பின்னால் தொலைக்காட்சி பேசிக்கொண்டிருந்தது. "சரி, திருப்பி அனுப்பிடு. வேற சாக்கு வரும்."

"வந்து பாக்கலயா? எப்படி உடையுதுன்னு?"

"நான் பாத்து என்ன ஆகப்போகுது? நான் செஞ்சதா என்ன?"

அவள் போனை மேஜையில் வைத்தாள். உடைந்த நாலு பொத்தான்களையும் வரிசையாக அடுக்கினாள், வெளிச்சம் படுகிற மாதிரி, முன்பெல்லாம் அவன் வந்து பார்ப்பதற்கு வைக்கிற மாதிரி. கண்ணாடி வழியாக வாசலைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றாள். புது வண்டிக்குத்தான் சத்தம் கிடையாதே, வந்திருந்தாலும் கேட்டிருக்காது என்று, வாசல் வரைக்கும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.